படகு வருமுன் பள்ளிக்கூடம்

யாழ்ப்பாணத்துக்குத் திரும்பி வந்து கனகாலம் ஆகிவிட்டது. ஆனாலும் கலியாண வீட்டிலோ கோயில் திருவிழாவிலோ பழைய ஆட்களைக் கண்டால், சுகம் விசாரித்து முடிந்ததும் அந்தக் கேள்வி வந்துவிடும். "நெடுந்தீவிலை குடும்பமாய் இருந்தனீங்களெல்லே, பிள்ளையளின்ரை படிப்புப் பாழாய்ப் போயிருக்குமே?" அக்கறையோடுதான் கேட்கிறார்கள், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் பதிலைத் தாங்களே முடிவுகட்டி வைத்துக்கொண்டு கேட்கிறார்கள். தீவென்றால் வசதி இல்லை, வசதி இல்லாத இடத்தில் படிப்பு ஏறாது, அங்கே பிள்ளைகளைக் கொண்டுபோய் வைத்திருந்த தாய்தகப்பன் ஏதோ வழியில்லாமல்தான் அப்படிச் செய்திருக்க வேண்டும். "ஓம், சமாளிச்சுக்கொண்டுதுகள்" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவேன். பந்திக்குக் காத்து நிற்கிற நேரத்தில் விளக்குகிற விஷயமா அது? போன மாதம் ஒரு கலியாணத்தில் அதே கேள்வியை ஒருவர் என் மகளிடம் நேரேயே கேட்டார். அவள், "அங்கை படிப்புப் பாழாகேல்லை மாமி, நேரம்தான் பாழாகினது" என்றாள். மாமிக்கு விளங்கவில்லை. எனக்கு விளங்கியது. அந்த நேரம் எங்கே போனது என்று எழுதாவிட்டால் எனக்கு மனம் ஆறாது.

2013 தையில் எனக்கு நெடுந்தீவுக்கு இடமாற்றம் வந்தது. நான் கணித ஆசிரியை. அதிகஷ்டப் பிரதேசச் சேவை எங்கள் தொழிலில் உள்ளதுதான். அதனால் அழவும் இல்லை, அங்கே இங்கே ஓடித்திரிந்து ரத்துச் செய்யப் பார்க்கவும் இல்லை. "விடிய வெளிக்கிட்டால் பின்னேரம் வீட்டை வந்திடலாம்" என்று கூடப் படிப்பித்தவர்கள் தைரியம் சொன்னார்கள். அப்படித்தான் தொடங்கினேன். நாலு மணிக்கு எழும்பிச் சமைத்து வைத்துவிட்டு இருட்டோடு பஸ் ஏறினால் பண்ணைப் பாலம், அல்லைப்பிட்டி, வேலணை, புங்குடுதீவு என்று தரையும் கடலும் மாறி மாறி வரும். குறிகாட்டுவானில் இறங்கி, அங்கிருந்து ஒரு மணித்தியாலத்துக்குக் கிட்டப் படகு. யாழ்ப்பாணத்துத் தீவுகளில் ஆகத் தொலைவில் கிடப்பது நெடுந்தீவு. நயினாதீவுக்குப் போகிறவர்கள் ஏறி இருந்து மூச்சுவிடும் முன்னம் கரை கண்டுவிடுவார்கள். நாங்கள் அதைத் தாண்டித் திறந்த கடலுக்குள் போக வேண்டும். வைகாசியில் சோழகம் என்கிற தென்மேற்குக் காற்றுப் பெயர்ந்துவிட்டால் படகு ஏறி ஏறி விழும். சத்தி எடுக்காத ஆசிரியைகள் குறைவு. மாவிலித்துறையில் இறங்கும்போது சீலைக்கரையில் உப்புப் பூத்திருக்கும். அந்த நிலையில் போய் நின்று பத்தாம் ஆண்டுக்குக் கேத்திரகணிதம் படிப்பிக்க வேண்டும்.

நெடுந்தீவின் அலுவலகங்கள் எல்லாம் அந்தக் காலைப் படகில்தான் வரும். ஆசிரியர்கள், பிரதேச செயலக ஆட்கள், வங்கிக்காரர், அளவை செய்ய வந்தவர்கள், அவர்களின் காலடியில் மரக்கறிச் சாக்குகள், காஸ் சிலிண்டர்கள், பாண் பெட்டிகள். பின்னேரப் படகில் அதே ஆட்கள் திரும்பிப் போவார்கள். தீவுச் சனத்துக்கு ஒரு கையொப்பம் வேண்டுமென்றாலும், ஒரு பாடம் வேண்டுமென்றாலும் இரண்டு படகுகளுக்கும் நடுவில்தான் கிடைக்கும். இதை நான் அப்போது பெரிதாக யோசிக்கவில்லை. படகைத் தவறவிடக்கூடாது என்ற நினைப்பு ஒன்றுதான் நாள் முழுக்க மண்டைக்குள் ஓடும். கடைசிப் பாடத்தில் வெண்கட்டி ஒரு கையில், கைப்பை மறு கையில் என்று நின்ற நாட்கள் உண்டு. மற்ற ஆசிரியர்களும் அப்படித்தான் நின்றார்கள்.

என்னைத் தனியே அலையவிட மனமில்லாமல் இவரும் கேட்டுத் தீவுப் பிரதேச செயலகத்துக்கு மாற்றம் எடுத்தார். அப்புறம் தாயும் தகப்பனும் தினம் கடலில், பிள்ளைகள் இரண்டும் திருநெல்வேலியில் அம்மா வீட்டில். மகள் அப்போது ஏழாம் ஆண்டு, மகன் இரண்டாம் ஆண்டு. கிழமை நாட்களில் நாங்கள் பிள்ளைகளைக் கண்டது பெரும்பாலும் நித்திரையில்தான். ஒரு நாள் காற்று முற்றிப் பின்னேரப் படகு ஓடவில்லை. நாங்கள் தீவிலேயே நின்றுவிட்டோம். அன்று இரவு போனில் சின்னவன் அழுத அழுகைக்குப் பிறகுதான் இவர் சொன்னார், "நாங்கள் போய்வாறதை விட்டிட்டு நாலு பேரும் போயிடுவம்." அம்மாவுக்கு அது பிடிக்கவே இல்லை. எல்லோரும் தீவிலிருந்து பட்டணத்துக்கு வருகிற காலத்தில் நீங்கள் மற்றப் பக்கம் போகிறீர்களே என்று கேட்டுவிட்டு, சில நாட்கள் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

கல்வேலிக்குள் ஒரு வீடு

கனடாவில் இருக்கிற ஒருவரின் வீடு வாடகைக்குக் கிடைத்தது. நெடுந்தீவில் ஆளில்லாத வீட்டுக்குப் பஞ்சமில்லை. பலர் முன்னமே வன்னியில் காணி எடுத்துப் போனவர்கள், பிறகு போரோடு போனவர்கள், அதன் பிறகு வெளிநாடு போனவர்கள். ஐம்பது சதுர கிலோமீற்றர் நிலத்தில் நாலாயிரத்துச் சொச்சம் பேர் என்றால் எவ்வளவு வெறிச்சென்று கிடக்கும் என்று பாருங்கள். ஆனால் வேலிகள் மட்டும் அப்படியே நிற்கும். சுண்ணாம்பும் இல்லை, சீமெந்தும் இல்லை, முருகைக்கல்லை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கியே கட்டிய வேலிகள். கல்லுக்கும் கல்லுக்கும் நடுவில் இடைவெளி விட்டிருப்பார்கள். எங்கள் பக்கத்து வீட்டு ஆச்சிதான் காரணம் சொன்னா: "காத்துக்குப் போக வழி விட்டால் அது ஏன் வேலியைத் தள்ளப் போகுது?" சாய்ந்த இடத்தைத் தானே குந்தியிருந்து திரும்ப அடுக்குவா. எந்தக் கல் எதன்மேல் இருக்கும் என்று கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்து, சரிவராவிட்டால் கீழே வைத்துவிட்டு வேறொன்றை எடுப்பா. மகள் அவவோடு இருந்து அந்த வேலையைப் பழகிக்கொண்டாள்.

தண்ணீர் பெரிய பாடு. எங்கள் கிணற்றுத் தண்ணீர் உவர், குளிக்க மட்டும்தான் ஆகும். குடிக்கிற தண்ணீர் சாராப்பிட்டிப் பக்கத்து நல்ல கிணறுகளிலிருந்து வரும். மாரியில் கூரைத் தண்ணீரைத் தொட்டியில் பிடித்து வைப்போம். ஆடி, ஆவணியில் மாடுகளும் ஆடுகளும் தண்ணீருக்கு அலையும், அவற்றோடு குதிரைகளும் அலையும். நெடுந்தீவுக் குதிரையைப் படத்தில் பார்த்திராத ஆள் இல்லை. போர்த்துக்கேயர் கொண்டுவந்தது, ஒல்லாந்தர் பெருக்கியது, ஆங்கிலேயர் காலத்தில் நோலன் என்ற அதிகாரி லாயம் வைத்து வளர்த்தது. வந்தவர்கள் எல்லோரும் கப்பலேறிப் போய்விட்டார்கள், குதிரைகள் நின்றுவிட்டன. படமெடுக்க வருகிறவர்கள் மாரி முடிந்து புல் பச்சையாய் இருக்கும்போது வருவார்கள். கோடையில் விலா எலும்பு தெரிய, குட்டியோடு வந்து வற்றிய தொட்டியை நக்குகிற குதிரையை அவர்கள் காண்பதில்லை. எங்கள் ஒழுங்கையில் உள்ள பிள்ளைகள் பின்னேரத்தில் கிணற்றில் அள்ளித் தொட்டியை நிரப்பிவிட்டுத்தான் விளையாடப் போவார்கள். சின்னவன் இரண்டு கையாலும் வாளியைத் தூக்கிக்கொண்டு அவர்களுக்குப் பின்னால் ஓடுவான்.

பால், தயிருக்கு மட்டும் குறைவே இல்லை. பசுத்தீவு, பால்தீவு என்று பழைய பெயர்கள் உள்ள ஊர். ஆச்சி வீட்டுத் தயிரும் ஒடியல் பிட்டும் சாப்பிட்டு வளர்ந்த பிள்ளைகள் என்னுடையவை. காசு என்று ஒரு நாளும் ஆச்சி வாங்கியதில்லை. இவர் அலுவலகத்தில் அவவின் காணிக் கடிதங்களை வாசித்துச் சொல்லுவார், நான் பேரனுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுப்பேன். எல்லாம் அதற்குள் சரியாகிவிடும்.

குமுதினியைப் பற்றி ஆச்சி ஒரே ஒரு தரம்தான் கதைத்தா. 1985 வைகாசி 15ஆம் திகதி நெடுந்தீவிலிருந்து வெளிக்கிட்ட குமுதினிப் படகு நடுக்கடலில் மறிக்கப்பட்டதும், அதில் இருந்த ஊர்ச் சனம், பெண்கள், குழந்தைகள் உட்பட, வெட்டிக் கொல்லப்பட்டதும் இதை வாசிக்கிற எல்லோருக்கும் தெரியும். மாவிலித்துறைக்குக் கிட்ட நினைவிடம் இருக்கிறது. அதைத் தாண்டித்தான் தினமும் ஏறுவோம். திருத்தப்பட்ட அதே குமுதினியில் நானும் போய்வந்திருக்கிறேன். "அதுக்குப் பிறகு எப்படி ஆச்சி அந்தப் படகிலை ஏறினீங்கள்?" என்று கேட்டேன். "ஏறாமல்? ஆஸ்பத்திரிக்குப் போக, பள்ளிக்கூடம் போக, பென்சன் எடுக்க வேறை என்ன கிடந்தது பிள்ளை? அழுதுகொண்டே ஏறினம்" என்றா. அதன் பிறகு படகுப் பயணத்தைப் பற்றி ஆச்சிக்கு முன்னால் நான் முறைப்பட்டதில்லை.

ஏழரை மணி

நான் சொல்ல வந்த விஷயம் தீவில் குடியேறி முதல் கிழமையில் நடந்தது. அதுவரைக்கும் நான் எங்கள் பள்ளிக்கூடத்தைக் காலை ஏழரைக்குக் கண்டதே இல்லை. படகு வந்து, மாவிலித்துறையிலிருந்து ஏறி வந்து சேரும்போது எட்டே முக்கால், ஒன்பது ஆகிவிடும். நாங்கள் போகும்போது பிள்ளைகள் வகுப்பில் இருப்பார்கள். பள்ளிக்கூடம் தொடங்கிவிட்டது என்று நினைத்துக்கொண்டு உள்ளே போவோம்.

அன்று மகளோடு நடந்து ஏழே காலுக்குப் போய்விட்டேன். மணி என்று தொங்கிய இரும்புத் துண்டைப் பதினோராம் ஆண்டுப் பிள்ளை ஒருத்தி அடித்தாள். வரிசை கட்டியதும் பிள்ளைகளே. தேவாரம் சொன்னதும் செபம் சொன்னதும் பிள்ளைகளே. தீவிலேயே பிறந்து அங்கேயே வீடுள்ள சில ஆசிரியர்கள் சின்ன வகுப்புகளைப் பார்த்துக்கொண்டார்கள். அதிபரும் தீவு ஆள், அவர் நடுவில் நின்றார். பெரிய வகுப்புகளில் ஆசிரியர் மேசை எல்லாம் வெறுமையாய் இருந்தது. ஆனால் சத்தம் இல்லை. ஒரு வகுப்பில் ஒரு பெடியன் எழும்பி நின்று புத்தகத்தை வாசிக்க மற்றவர்கள் எழுதிக்கொண்டிருந்தார்கள். இன்னொரு வகுப்பில் இரண்டு பெட்டைகள் முந்தின நாள் வீட்டுவேலையைத் தாங்களே திருத்திக்கொண்டிருந்தார்கள், பிழையா சரியா என்று கேட்க ஆளில்லாமல். என்னைக் கண்டதும் ஒருத்தி பயந்துபோய் எழும்பி, "ரீச்சர், இண்டைக்குப் படகு வெள்ளன வந்திட்டுதோ?" என்று கேட்டாள்.

நான் பத்தாம் ஆண்டுக்குப் போய்க் கணிதப் புத்தகத்தை எடுக்கச் சொன்னேன். பாதிப் பேரிடம் இல்லை. ஏன் என்று கேட்டபோது ஒருவரும் வாய் திறக்கவில்லை. கடைசியில் முன்வாங்கில் இருந்தவன் சொன்னான்: "இரவு காத்து ரீச்சர்." எனக்கு விளங்கவில்லை. அவன் விளக்கினான். இரவு சோழகம் கூவுகிற சத்தத்தைக் கேட்டாலே காலைப் படகு வருமா, பிந்துமா, வராதா என்று அவர்களுக்குத் தெரியும். வராதென்றால் கணிதக் கொப்பி, விஞ்ஞானக் கொப்பி, ஆங்கிலக் கொப்பி தேவையில்லை. காற்றைக் கேட்டுத்தான் அவர்கள் இரவில் புத்தகப்பை அடுக்கினார்கள். முறைப்பாடாக அவன் அதைச் சொல்லவில்லை. மழைக்குக் குடை எடுப்பதைச் சொல்வது மாதிரிச் சொன்னான்.

அதிபரின் அறைச் சுவரில் நேரசூசி ஒட்டியிருந்தது. எத்தனையோ தரம் அதற்கு முன்னால் நின்று கையொப்பம் வைத்திருக்கிறேன். அன்றுதான் வாசித்தேன். ஆறாம் ஆண்டிலிருந்து பதினோராம் ஆண்டு வரைக்கும் முதலாம், இரண்டாம் பாடவேளைகளில் கணிதமும் விஞ்ஞானமும்தான் நிறைய. காலையில் பிள்ளைகளின் மூளை தெளிவாய் இருக்கும், கஷ்டமான பாடங்களை முதலில் போட வேண்டும் என்று எல்லாப் பள்ளிக்கூடங்களிலும் செய்கிற வழமை அது. யாழ்ப்பாணத்தில் அது நல்ல வழமை. நெடுந்தீவில் அந்த நேரம் கணித ஆசிரியரும் விஞ்ஞான ஆசிரியரும் நயினாதீவுக்கு அங்கால் கடலில் சத்தி எடுத்துக்கொண்டிருப்பார்கள். தமிழும் சமயமும் படிப்பிக்கிற தீவு ஆசிரியர்கள் ஏழரைக்கே வந்து நிற்பார்கள், அவர்களின் பாடங்களோ பதினொரு மணிக்குப் பிறகு. வருடக்கணக்காக இப்படியே. இரண்டாம் தவணை முழுக்கச் சோழகம், மூன்றாம் தவணையில் வாடையும் மழையும், அப்போதெல்லாம் மார்கழியில்தான் பதினோராம் ஆண்டு முடிவில் எழுதுகிற சாதாரண தரப் பரீட்சை. பெறுபேறு வந்ததும், நெடுந்தீவுப் பிள்ளையளுக்குக் கணக்கு ஓடாது என்று கூட்டங்களில் கதைப்பார்கள். அந்தக் கூட்டங்களில் நானும் இருந்திருக்கிறேன்.

அதிபரிடம் சொன்னேன். அவர் கனநேரம் நேரசூசியையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, "எனக்கு இது தெரியாமல் இல்லை ரீச்சர். தங்கி நிக்கிற ஒரு கணக்கு ரீச்சர் கேட்டால்தான் மாத்தலாம். மற்றவையிட்டைச் சொன்னால், எங்களைக் குத்திக்காட்டுறியள் எண்டு நினைப்பினம்" என்றார். அன்று பின்னேரம் ஒரு பெரிய தாளும் பென்சிலும் அழிறப்பரும் எடுத்துக்கொண்டு இருவரும் இருந்தோம். சமயத்தையும் தமிழையும் காலைக்கு இழுத்தோம். படகில் வருகிறவர்களின் பாடங்களை மூன்றாம் பாடவேளைக்குப் பிறகு போட்டோம். உடற்கல்வியைக் கடைசிக்குத் தள்ளினோம். ஒரு வகுப்பைச் சரிசெய்தால் இன்னொரு வகுப்பில் ஒரே ஆசிரியருக்கு இரண்டு பாடம் மோதும். விளக்கு வைக்கிற நேரம் தாண்டிவிட்டது. ஒரு சதம் செலவில்லை, ஒரு கட்டடம் கட்டவில்லை, மேலிடத்தில் ஒரு பதவியும் புதிதாக வேண்டியிருக்கவில்லை.

அதிசயம் ஒன்றும் நடக்கவில்லை. காற்று முற்றிப் படகே வராத நாளுக்கு எந்த நேரசூசியும் மருந்தில்லை. ஆனால் பாடத்திட்டம் முதல் தடவையாகத் தவணைக்குள் முடிந்தது. அடுத்தடுத்த வருடங்களில் கணிதத்தில் தேறிய பிள்ளைகள் கூடினார்கள். அதைவிட எனக்குப் பெரிதாகப் பட்டது வேறொன்று. பின்னேரப் படகு போன பிறகு பிள்ளைகள் கொப்பியோடு எங்கள் விறாந்தைக்கு வரத் தொடங்கினார்கள். ஒருவரும் கூப்பிடவில்லை. முதலில் இருவர் மூவர், பிறகு விறாந்தை நிறைய. மின்பிறப்பாக்கி நின்றால் அரிக்கன் லாம்பு. அதில் ஒருவன் தகப்பனோடு தொழிலுக்குப் போகிறவன், பள்ளிக்கு வருவதே அருமை. விகிதம் என்றாலே முகத்தைத் திருப்பிக்கொள்வான். ஒரு நாள் அவனிடம், பிடிபட்ட மீனை எப்படிப் பங்கு பிரிப்பீர்கள் என்று கேட்டேன். டீசல் காசைக் கழித்து, படகுக்கும் வலைக்கும் உள்ள பங்கை ஒதுக்கி, மிச்சத்தைப் போன ஆட்களுக்குள் பிரித்து, தனக்கு அரைப் பங்குதான் என்று சதம் பிசகாமல் வாயாலேயே சொன்னான். அதைத்தான் கொப்பியில் எழுதச் சொன்னேன். எழுதிவிட்டுக் கனநேரம் தன் கையெழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

என் மகளும் அந்த விறாந்தையில்தான் படித்தாள். ஆசிரியை மகள் என்று தனியான கவனிப்பு ஒன்றும் கிடையாது. வரிசை வந்தால்தான் கேள்வி கேட்கலாம். காத்திருக்கிற நேரத்தில் தன்னைவிடச் சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பாள். அவளுடைய கணக்கு அங்கேதான் உறுதிப்பட்டது என்று நான் நம்புகிறேன், அதை எந்தக் கலியாண வீட்டிலும் சொல்லத் தயார்.

திரும்பி வந்தது

2017 மார்கழியில் மகள் சாதாரண தரம் எழுதினாள். உயர்தரத்தில் கணிதப் பிரிவு படிக்க விரும்பினாள், எங்கள் பள்ளியில் அது இல்லை. தீவுக் குடும்பங்கள் இரண்டாகிற வயது இதுதான். தாய் பிள்ளையோடு யாழ்ப்பாணத்தில் ஒரு அறை எடுத்து இருப்பா, தகப்பன் மாட்டோடும் படகோடும் தீவில் இருப்பார். வெள்ளிக்கிழமைப் படகுகளில் அரிசி மூட்டையும் தயிர்ச் சட்டியுமாகத் தகப்பன்மார் வருவதைப் பார்த்திருக்கிறேன். கொஞ்சக் காலத்தில் ஆடுமாட்டை விற்றுவிட்டு அவர்களும் வந்துவிடுவார்கள். இன்னொரு வீடு பூட்டப்படும். எங்களுக்குச் சேவைக்காலமும் முடிந்திருந்தது. மாற்றம் கேட்டோம், கிடைத்தது. நான்கு பேராய்ப் போனவர்கள் நான்கு பேராகவே திரும்பினோம். அந்த வாய்ப்பு அங்கே எல்லோருக்கும் இல்லை.

பிரியாவிடை நன்றாக நடந்தது. பாட்டு, மாலை, வாழ்த்துமடல் எல்லாம் ஒழுங்காக. அவ்வளவு ஒழுங்காக நடந்ததுதான் என் நெஞ்சில் குத்தியது. அந்தப் பிள்ளைகளுக்கு அதில் நல்ல பழக்கம் இருந்தது. வருடத்துக்கு வருடம் யாரையாவது வழியனுப்பிக்கொண்டே இருப்பவர்கள். யார் பாடுவது, யார் மாலை போடுவது, எந்த இடத்தில் அழலாம் என்பதுகூட அவர்களுக்குத் தெரியும். எல்லாம் முடிந்து கதிரைகளை அடுக்கும்போது ஒன்பதாம் ஆண்டுப் பிள்ளை ஒருத்தி கிட்ட வந்தாள். புது ரீச்சரின் பெயர் என்ன, நல்லவவா, அடிப்பாவா என்று கேட்பாள் என்று நினைத்தேன். அவள் கேட்டது வேறு. "ரீச்சர், வாறவ தங்கி நிப்பாவோ, போய்வருவாவோ?"

யாழ்ப்பாணத்தில் மகளுக்கு முதல் சில மாதங்கள் கஷ்டமாகத்தான் இருந்தன. பாடம் கஷ்டமில்லை. இங்கே ஆசிரியர்கள் கூடிப்போய்விட்டது அவளுக்குப் புதினம். விடிய ஒரு ரியூசன், பிறகு பள்ளிக்கூடம், பின்னேரம் இன்னொரு ரியூசன், சனி ஞாயிறு அதே பாடத்துக்கு வேறொருவர். ஒரே அலகை மூன்று வாயால் கேட்கிறார்கள், ஒரு வாயையும் நிறுத்திக் கேள்வி கேட்க நேரமில்லை. நூற்றுக்கணக்கான பிள்ளைகள் இருந்த மண்டபத்திலிருந்து வந்து அவள் சொன்னாள், "அம்மா, இஞ்சை உள்ளதிலை ஒராளைக் குடுத்தால் அங்கை பன்னிரண்டாம் ஆண்டு தொடங்கலாமே." பிள்ளைக் கதை என்று விடலாம். நான் விடவில்லை. அதே மண்டபங்களில் படிப்பிக்கிற பலர் என்னோடு படகில் வந்து போனவர்கள்தான். கெட்டிக்காரர்கள், பிள்ளைகளில் அன்புள்ளவர்கள். தீவில் அவர்களின் முழுத் திறமையையும் ஒரு நாளும் காணக் கிடைத்ததில்லை. கடல் அதைக் காலையிலேயே குடித்துவிடும்.

இதைச் சொன்னால், போக்குவரத்துத்தான் இப்போது திருந்திவிட்டதே என்பார்கள். உண்மைதான். குமுதினிக்குத் துணையாக வடதாரகை வந்தது, 2017 தையில் அவுஸ்திரேலியா கொடுத்த பணத்தில் நெடுந்தாரகை வந்தது. மின்சாரத்துக்கும் 2024இல் இந்திய உதவியோடு சூரிய ஒளி, காற்றுத் திட்டத்துக்கு ஒப்பந்தம் எழுதினார்கள். எல்லாம் தேவையானவை. நோயாளி ஒருவரைக் கட்டிலோடு படகில் ஏற்றியதைக் கண்ட எவரும் நல்ல படகு வேண்டாம் என்று சொல்ல மாட்டார்கள். ஆனால் கெதியாய் வருகிற படகு கெதியாய்த் திரும்பியும் போகும். தீவுக்கு என்ன செய்யலாம் என்று கூடுகிற இடமெல்லாம் போய்வருகிறவர்களின் களைப்பைக் குறைப்பது பற்றித்தான் கதை. இரவில் அங்கே எத்தனை ஆசிரியர்கள் படுக்கிறார்கள் என்று யாரும் கேட்பதில்லை. ஒழுகாத கூரை, நல்ல தண்ணீர்த் தொட்டி, உள்ளிருந்து பூட்டக்கூடிய கதவு, குடும்பத்தோடு வந்தால் இருக்க இரண்டு அறை. இவ்வளவும் உள்ள ஆசிரியர் விடுதி ஒன்று இருந்தால் தங்கி நிற்க ஆட்கள் வருவார்கள். நாங்கள் ஒரு காலியான கனடா வீட்டின் புண்ணியத்தில் நின்றோம். எல்லோருக்கும் அப்படி ஒரு வீடு அமையுமா? தனியே வருகிற இளம் ஆசிரியைக்கு அந்த இருட்டில் ஒரு வீட்டைக் காட்டி நில் என்று சொல்ல எனக்கும் மனம் வராது. தங்கி நிற்பவர்களுக்குச் சேவைக்காலத்தில் ஒரு சலுகை கொடுத்தால் என்ன குறைந்துவிடும்? கட்டாயப்படுத்தி அனுப்பி, கசப்போடு நிற்க வைப்பதை நான் கேட்கவில்லை. நிற்க விருப்பமுள்ளவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு நிற்க இடமில்லை.

இந்த வருடத் தொடக்கத்தில் எங்கள் பழைய ஒழுங்கையிலிருந்து ஒரு தாய் போன் எடுத்தா. சுகம் விசாரித்து, ஆச்சிக்குக் கண் சத்திரசிகிச்சை முடிந்ததைச் சொல்லி, கடைசியில்தான் விஷயத்துக்கு வந்தா. பழைய அதிபர் ஓய்வுபெற்றுவிட்டார். மேலே இருந்து வந்த மாதிரியைப் பார்த்துப் புது நேரசூசி போட்டிருக்கிறார்கள். எட்டாம் ஆண்டுக்குக் கணிதம் கிழமையில் மூன்று நாள் முதலாம் பாடம், ரீச்சர் போய்வருகிறவ. "நீங்கள் ஒருக்கால் சொல்லிப் பாருங்கோவன்" என்றா. அன்றிரவே நான் இருந்து கடிதம் எழுதினேன். எந்தப் பாடத்தை எந்த நேரத்துக்கு மாற்றலாம், எந்த ஆசிரியர் தீவில் இருக்கிறவர், எங்கே மோதும், மோதினால் என்ன செய்யலாம் என்று கட்டம் போட்டே எழுதி, பழைய நேரசூசியின் பிரதியையும் வைத்து, உரிய இடத்துக்கு அனுப்பினேன். பதில் வரவில்லை. இரண்டாம் தவணை தொடங்கப் போகிறது, சோழகம் பெயர முன்னம் மாற்றிவிட வேண்டும். இந்தக் கிழமை விடுமுறை எடுத்து நேரே போகிறேன். மகள் தானும் வருகிறேன் என்கிறாள்.